நிலக்கரியும் மக்கள் எதிர்ப்பும்: திருகோணமலை முதல் மன்னார் வரை – ஒரு வரலாற்று நோக்கு

காலநிலை மாற்றத்துக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கிக் குரலெழுப்புதல் போதுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் அறிஞர் மத்தியிலும் இளைஞர் மத்தியிலும் அடிக்கடி எழுப்பப்பட்டு வருகின்றது. 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே சுவீடன் நாட்டுப் பாராளுமன்றத்தின் முன்பாக ஒரு பள்ளி மாணவி தனித்து அமர்ந்து தொடக்கிய மறியல், அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் பல கண்டங்களிலும் பல இலட்சம் மக்கள் பங்குகொண்ட பேரியக்கமாகப் பரந்தமை யாவரும் அறிந்ததே. ஆயினும் இவ்வினாவை ஆராய்வோர் பெரும்பாலும் மேலைநாட்டு நகரங்களின் ஊர்வலங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர். எமது நாட்டிலேயே ஒரு குறிப்பிட்ட எரிபொருளை மையமாகக் கொண்டு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடைபெற்று வந்துள்ள மக்கள் எதிர்ப்பு வரலாறு ஒன்று உண்டு. அவ்வெரிபொருள் நிலக்கரி. திருகோணமலையிலும் நுரைச்சோலையிலும் சம்பூரிலும் அது சந்தித்த எதிர்ப்பை வரிசைப்படுத்தி நோக்குவதும், அவ்வெதிர்ப்பினால் எது இயன்றது, எது இயலாது போயிற்று என வினவுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெள்ளவத்தையில் வாழ்வோர்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இங்கு இருப்புப்பாதை கடலை ஒட்டியே ஓடுகின்றது. தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையே நிற்பவை கருங்கற் குவியல்களே. கொழும்பின் வெள்ளநீர் கடலை அடையும் வாயில்களுள் வெள்ளவத்தைக் கால்வாயின் முகமும் ஒன்று; தெஹிவளையிலும் முகத்துவாரத்திலும் உள்ளவை ஏனையவை. கடல்மட்டம் உயருமாயின் இவ்வாயில்களினூடாக நீர் வடிதல் தடைப்படும் என்பதை விளங்கிக்கொள்ளப் பொறியியற் பயிற்சி வேண்டியதில்லை. 2010 நவம்பரில் பெய்த பெருமழையின்போது கோட்டேயிலுள்ள பாராளுமன்றக் கட்டடமே வெள்ளத்தாற் சூழப்பட்டது. இது ஒரு பக்கம். மறுபக்கத்திலே, காலி வீதியின் இருமருங்கும் எழுந்துள்ள மாடிக் குடியிருப்புகளின் மின்தூக்கிகளையும் குளிரூட்டிகளையும் இயக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அண்மைய ஆண்டுகளில் நுரைச்சோலையில் எரிக்கப்படும் நிலக்கரியிலிருந்தே பெறப்பட்டு வந்துள்ளது. நாம் பாதிக்கப்படுவோர், அதே வேளை நுகர்வோருமாவோம். இவ்விரட்டை நிலையை மறந்து எழுதப்படும் எந்த வரலாறும் அரைகுறையானதே.

இலங்கையின் மின்சாரம் நெடுங்காலம் ஆறுகளை நம்பியே வளர்ந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே நீர்மின் வலுவின் சாத்தியம் பற்றித் தம் துறையினர்முன் எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவான இலக்சபான நிலையம் 1950 இலே இயங்கத் தொடங்கிற்று. 1977 இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் பயனாக விக்ரோரியா, கொத்மலை, ரந்தெனிகல ஆகிய நீர்த்தேக்கங்கள் எண்பதுகளின் நடுப்பகுதியிற் பயன்பாட்டுக்கு வந்தன. எனினும் ஆறுகள் அளவிறந்தவை அல்ல. மழையும் ஆண்டுதோறும் ஒரேவகையாகப் பெய்வதன்று. அடுத்த கட்டமாக எதை எரிப்பது என்னும் வினாவுக்கு மின்சார சபையினர் அளித்த விடையே நிலக்கரி. இயற்கைத் துறைமுகமும் ஆழமான குடாவும் கொண்ட திருகோணமலையை அவர்கள் முதலிற் தெரிந்தமை வியப்பன்று.

எண்பதுகளில் எழுந்த அத்திட்டம் நிறைவேறவில்லை. குளிரூட்டற் பணிமுடிந்து வெளியேறும் வெந்நீர் குடாவின் உயிரினங்களுக்கு ஊறு விளைக்கும் என்பதும், கந்தக வாயு அயற்பிரதேசங்களைப் பாதிக்கும் என்பதும் அக்கால எதிர்ப்பாளர் முன்வைத்த முதன்மை வாதங்கள். எழுபதுகளிலே சிங்கராஜ வனத்தின் மரங்கள் ஒட்டுப்பலகைக்காக வெட்டப்படுவதைத் தடுத்துநிறுத்திய இயக்கத்தின் நம்பிக்கை இன்னும் குன்றாதிருந்த காலம் அது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டமும் அதன்வழித் தோன்றிய மத்திய சுற்றாடல் அதிகார சபையும் வாதிடுவோர்க்கு ஒரு மேடையை அளித்தன. ஆனால், திருகோணமலைத் திட்டம் கைவிடப்பட்டமைக்குச் சுற்றாடல் வாதம் மட்டுமே காரணம் எனக் கொள்வது மிகைக்கூற்றாகும். கிழக்கிலே மூண்டுவிட்ட போரும் அதில் பங்குகொண்டது. தெற்கே மாவெல்ல என்னும் இடம் அடுத்து ஆராயப்பட்டு, அதுவும் விடப்பட்டது.

இவ்விடத்து ஒன்று மனங்கொள்ளத்தக்கது. நிலக்கரியை எரிப்பதால் வெளிப்படும் காபனீரொட்சைட்டு வாயு புவியை வெப்பமுறச் செய்யும் என்பதை சுவீடன் நாட்டு இரசாயனவியலாளர் அரேனியசு 1896 இலேயே கணித்துக் கூறியிருந்தார். 1958 இல் ஹவாயின் மௌனா லோவா மலையிலே அளவீடு தொடங்கப்பட்டபோது வளியில் அவ்வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 315 பங்காக இருந்தது. இன்று 420 ஐயும் கடந்துவிட்டது. எனினும் எமது நாட்டின் எண்பதுகளின் எதிர்ப்பில் இவ்வாதம் முன்னணிக்கு வரவில்லை. மக்கள் தம் கடலுக்காகவும் தம் பயிருக்காகவும் போராடினர். புவியின் வளிமண்டலத்துக்கென ஓர் ஊர் இல்லை. அதற்காக மறியல் இருப்பதற்கு ஒரு வாசலும் இல்லை. காலநிலை பற்றிய பொதுமக்கள் போராட்டத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே என்பது எமது கருத்து.

திருகோணமலையிலே நிறுத்தப்பட்ட நிலக்கரியின் இடத்தை எது நிரப்பிற்று? இவ்வினாவை எதிர்ப்பு இயக்கங்களின் வரலாற்றை எழுதுவோர் எழுப்புவதில்லை. 1996 இல் வந்த வரட்சியால் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடெங்கும் நாள்தோறும் பல மணித்தியாலங்கள் மின்வெட்டு நிகழ்ந்தது. அதன்பின் அவசர அவசரமாக எண்ணெயால் இயங்கும் தனியார் மின் நிலையங்கள் பெருகின. எண்ணெய் நிலக்கரியிலும் சற்றுக் குறைவாகவே காபனை வெளியிடும் என்பது உண்மை. ஆயினும் அதன் விலை நாட்டின் அந்நியச் செலாவணியை அரித்தது. அதன் கழிவோ வேறோர் ஊரின் கிணறுகளில் இறங்கியது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருப்பதாக 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த மக்கள் கிளர்ச்சி பலரும் அறிந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்பிரலில் வழங்கிய தீர்ப்பின்படி அங்கிருந்த தனியார் மின் நிறுவனம் பாதிக்கப்பட்டோர்க்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்தப் பணிக்கப்பட்டது. சுண்ணக்கற் பாறையினூடாக ஊறும் நிலத்தடி நீரையன்றி வேறு ஆறொன்றும் இல்லாத குடாநாட்டுக்கு இத்தொகை எவ்வளவு ஈடாகும் என்பதை வாசகரே உய்த்துணர்வர்.

நுரைச்சோலையின் கதை இவ்வரலாற்றின் நடுப்பகுதி. கற்பிட்டிக் குடாநாட்டிலே, மணற்பாங்கான நிலத்தில் மரக்கறி பயிரிடுவோரும் கரைவலை இழுப்போரும் நெருங்கி வாழும் பகுதி அது. தலவிலப் புனித அன்னம்மாள் திருத்தலம் அயலிலேயே உள்ளது. ஆதலின் தொண்ணூறுகளின் இறுதியில் நிலக்கரி மின் நிலையம் அங்கு அமையப்போகின்றது என்னும் செய்தி பரவியதும் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்ப்பின் முன்னணியில் நின்றது. சிலாப மறைமாவட்ட ஆயரே அதற்குத் தலைமை தாங்கினார். கமக்காரர், மீனவர், குருமார், சுற்றாடல் ஆர்வலர் ஆகியோர் ஒன்றுசேர்ந்த இக்கூட்டணி, எண்ணிக்கையிலும் ஒழுங்கமைப்பிலும் அதற்கு முன் இந்நாட்டில் நிகழ்ந்த எந்தச் சுற்றாடல் இயக்கத்துக்கும் குறைந்ததன்று. 2001 டிசம்பரில் பதவியேற்ற அரசாங்கம் திட்டத்தைக் கைவிட முற்பட்டபோது எதிர்ப்பாளர் வென்றுவிட்டனர் என்றே பலரும் கருதினர்.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. ஆட்சி மாறியது, 2006 மே மாதத்தில் அதே நுரைச்சோலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. சீன வங்கிக் கடனுதவியுடன் 300 மெகாவாற்று ஆற்றலுடைய முதலாம் அலகு 2011 மார்ச்சிலும், ஏனைய இரண்டும் 2014 இலும் இயங்கத் தொடங்கின. மொத்தம் 900 மெகாவாற்று. நிலக்கரியை இறக்குவதற்கெனக் கடலினுள் நான்கு கிலோமீற்றருக்கும் அதிகமாக நீளும் இறங்குதுறை ஒன்றும் அமைக்கப்பட்டது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அக்கடல் கொந்தளிப்பதனால் ஆண்டின் ஒரு பகுதியிலேயே கப்பல்களிலிருந்து நிலக்கரியை இறக்க முடிகின்றது. எனவே மிகுதிக் காலத்துக்கு வேண்டியதும் முன்கூட்டியே மலைபோற் குவித்து வைக்கப்படுகின்றது. அக்குவியலிலிருந்து காற்றோடு பறக்கும் தூசியும், எரிந்தபின் எஞ்சும் சாம்பலும் தம் பயிர்மீது படிவதாக அயலவர் முறையிட்டு வந்துள்ளனர். பருவக்காற்றின் போக்கை மாற்றக்கூடிய ஓர் எரிபொருள், பருவக்காற்றின் தயவிலேயே கரைசேர்வதில் ஒரு நகைமுரண் உண்டு.

இத்துணை வலிமை வாய்ந்த எதிர்ப்பு ஏன் தோற்றது? அரசியல்வாதிகளின் நம்பிக்கைத் துரோகம் என்பது எளிய விடை. அதனை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயினும் 1996 இன் இருளையும், 2001, 2002 ஆம் ஆண்டுகளில் மீண்டும் வந்த மின்வெட்டுகளையும் அனுபவித்த நகர மக்களின் நிலைப்பாட்டையும் கணக்கிலெடுக்க வேண்டும். கொழும்பிலே நுரைச்சோலைக்காக எவரும் வீதிக்கு இறங்கவில்லை என்று கூற முடியாதெனினும், நகரத்தின் நடுத்தர வர்க்கம் பொதுவில் விரும்பியது தடையற்ற, மலிவான மின்சாரத்தையே. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இதற்கு விலக்கல்ல. கற்பிட்டியின் கமக்காரர் எதிர்த்து நின்றது அரசாங்கத்தை மட்டுமன்று, எம்முடைய மௌனத்தையுந்தான். எந்தப் போராட்டத்துக்கும் ஒரு பூகோளம் உண்டு: இழப்பு ஓரிடத்திற் செறிந்தும், பயன் பல இலட்சம் வீடுகளிற் பரந்தும் கிடக்கும்போது, முன்னதன் குரல் எவ்வளவு உரத்ததாயினும் பின்னதன் எடை அதனை அமிழ்த்திவிடுகின்றது.

சம்பூரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது எனத் தோன்றும். அங்கு நிலக்கரி தோற்றது. ஆனால் எவ்வாறு தோற்றது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மூதூர்ப் பிரதேசத்துச் சம்பூர் மக்கள் 2006 ஏப்பிரலிற் போரினால் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களின் முகாம்களில் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருக்கையில், அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகவும் பின்னர் கைத்தொழில் வலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2006 டிசம்பரிலேயே இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்துடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாகியிருந்தது. 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் அங்கு எழும் என்பது முடிவாயிற்று. ஊரில் எவரும் இல்லாத வேளையில் ஊரின் எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டது என்பதே இதன் பொருள். மக்கள் கேட்டது முதலிற் காணியை, வளிமண்டலத்தையன்று. 2015 இல் ஆட்சி மாறியதன் பின்னரே காணிகளின் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டு, ஒன்பதாண்டுகளின் பின் அவர்கள் திரும்பினர். திரும்பி வந்தோர் தம் வீட்டருகே புகைபோக்கி எழுவதை எதிர்த்தனர். சுற்றாடற் சட்ட அமைப்பொன்று உயர் நீதிமன்றத்தை நாடியது. 2016 செப்ரெம்பரிலே, சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாது எனச் சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதே மாதத்தில் இலங்கை பரிஸ் உடன்படிக்கைக்குத் தன் பின்னுறுதியையும் வழங்கிற்று.

ஆகவே சம்பூர் மக்களின் வெற்றி உண்மையான வெற்றியே. ஆனால் அது தனித்து நின்ற வெற்றியன்று. ஆட்சிமாற்றம், நீதிமன்றம், 1988 இன் திருத்தத்தினால் சட்டத்துட் புகுத்தப்பட்ட சுற்றாடற் தாக்க மதிப்பீட்டு முறை, புது டில்லியுடனான பேச்சுவார்த்தை, பரிஸ் உடன்படிக்கை தோற்றுவித்த உலகச் சூழ்நிலை ஆகியன ஒருங்கே கூடிவந்த ஒரு வேளையிலேயே அது கிட்டியது. எப்பாவலப் பாசுபேற்று அகழ்வுத் திட்டத்தை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலே கட்டுப்படுத்தியபோதும், கமக்காரரின் எதிர்ப்பும் சட்டத்தரணிகளின் வாதமும் இவ்வாறே இணைந்திருந்தன. எதிர்ப்பு கதவைத் தட்டுகின்றது. திறப்பு வேறொருவர் கையில் இருக்கின்றது.

சம்பூரில் நிலக்கரி நின்ற மறுகணமே பழைய வினா மீண்டும் எழுந்தது: அந்த 500 மெகாவாற்றுக்கு மாற்று எது? இம்மோதல் வீதியில் நடைபெறவில்லை, ஆவணங்களில் நடைபெற்றது. நாட்டுக்கு அடுத்த இருபதாண்டுகளில் எவ்வகை மின் நிலையங்கள் எப்போது வேண்டும் என்பதை வகுக்கும் நீண்டகால மின் உற்பத்தித் திட்டத்தை மின்சார சபை காலத்துக்குக் காலம் தயாரித்து வந்தது. 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தோன்றிய பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதற்கு அங்கீகாரம் வழங்க வேண்டும். 2018 தொடக்கம் 2037 வரைக்கான திட்டத்தில் மேலும் நிலக்கரி நிலையங்களைச் சபை கோரியது. ஆணைக்குழுவோ 2017 இல் நிலக்கரியற்ற மாற்றுத் திட்டமொன்றுக்கு அங்கீகாரம் அளித்தது. சபையின் பொறியியலாளர் இதனை வன்மையாகக் கண்டித்தனர். மாதக்கணக்கில் நீடித்த இப்பிணக்கின் விளைவு, நுரைச்சோலை போன்ற இன்னும் சில நிலையங்கள் எழுமா எழாவா என்பதைத் தீர்மானிக்கக்கூடியதாக இருந்தது. எனினும் அதனையொட்டி ஊர்வலம் போனவர் யார்? பல்கலைக்கழக மாணவர் சங்கங்களுள் எத்தனை அத்திட்டத்தின் பக்கங்களைப் புரட்டின?

எம் வாதத்தின் மையம் இதுவே. மக்கள் எதிர்ப்பு இடம் குறிக்கப்பட்ட பின்னரே பிறக்கின்றது. நுரைச்சோலை என்றும் சம்பூர் என்றும் ஊரின் பெயர் வெளிப்படும் வேளையில், எவ்வெரிபொருள், எத்தனை மெகாவாற்று என்னும் வினாக்கள் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டிருக்கும். எஞ்சியிருப்பது எவ்வூர் என்பது மட்டுமே. ஆதலின் எதிர்ப்பு எவ்வளவு வெற்றி பெற்றாலும் அது பெரும்பாலும் ஓர் ஊரின் சுமையை இன்னோர் ஊருக்கு மாற்றும் வெற்றியாகவே முடிகின்றது. திருகோணமலையிலிருந்து மாவெல்ல, அங்கிருந்து நுரைச்சோலை என நிலக்கரி நடந்துபோன வழியே இதற்குச் சான்று.

2021 செப்ரெம்பரிலே, புதிய நிலக்கரி நிலையங்களை இனி அமைப்பதில்லை என உறுதிபூணும் சர்வதேச உடன்பாட்டின் தொடக்க உறுப்பு நாடுகளுள் ஒன்றாக இலங்கை விளங்கிற்று. ஆறு மாதங்களின் பின், 2022 மார்ச் இறுதியில், நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை. அடுத்து நிகழ்ந்தது இத்தீவின் வரலாற்றிலேயே ஒப்பற்ற மக்கள் எழுச்சி. ஏப்பிரல் 9 ஆம் திகதி காலிமுகத்திடலில் தொடங்கிய முகாம், யூலையில் சனாதிபதியைப் பதவி துறக்கச் செய்தது. காலி வீதி வழியே வெள்ளவத்தையைக் கடந்து திடலை நோக்கிச் சென்ற இளைஞர் கூட்டத்தைக் கண்டோர் அதன் வலிமையை மறவார். ஆனால் வீதிக்கு வந்தோரின் அன்றாடக் கோரிக்கைகளிலே முன்னின்றவை டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு, மின்சாரம் ஆகியவையே. அதிற் குறைகூற எதுவுமில்லை. அடுப்பெரியாத வீட்டில் வளிமண்டலத்தைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமை இல்லை. எனினும் சனாதிபதியையே அகற்றவல்ல எழுச்சியும் மின் உற்பத்தியின் அமைப்பை மாற்றவல்லதன்று என்பதை வரலாற்று மாணவர் பதிவுசெய்தல் வேண்டும். புவியை வெப்பமாக்கும் வாயுக்களில் இலங்கையின் பங்கு உலக மொத்தத்தில் ஆயிரத்தில் ஒன்றையும் எட்டாது என்பதையும் இதனோடு சேர்த்தே நோக்க வேண்டும். எம் வீதிகளில் எழும் முழக்கம் எம்மைப் பாதிக்கும் வாயுவின் பெரும்பகுதியை வெளியிடுவோரின் செவிக்கு எட்டுவதில்லை.

மன்னாரில் இச்சிக்கல் இன்னொரு வடிவம் பெற்றது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையிலே முப்பது காற்றாலைகளைக் கொண்ட ஏறத்தாழ 100 மெகாவாற்று நிலையம் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகள் திட்டமிடப்பட்டபோது எதிர்ப்பு மூண்டது. மத்திய ஆசியாவிலிருந்து வலசைவரும் பறவைகளின் வழியில் அத்தீவு அமைந்துள்ளது எனக் காட்டிச் சுற்றாடல் அமைப்புகள் 2024 இல் உயர் நீதிமன்றம் சென்றன. மீன்பாடு குறைவதாகவும், மழைநீர் வடியும் வழிகள் தடைப்படுவதாகவும் ஊரவர் முறையிட்டனர். 2025 பெப்ரவரியில், விலை பற்றிய மறுபரிசீலனையை அடுத்து, இந்தியாவின் அதானி நிறுவனம் தன் திட்டத்திலிருந்து விலகிற்று. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கு எதிராகக் குருமாரும் பொதுமக்களும் மீண்டும் மன்னார் வீதிகளில் இறங்கினர். சம்பூரிலே நிலக்கரிக்குப் பதிலாக வந்த சூரிய மின் திட்டத்தின் தொடக்க நிகழ்வு 2025 ஏப்பிரலில் நடைபெற்ற அதே மாவட்டத்தில், முத்துநகர்க் கமக்காரர் தம் வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குப் பறிபோவதாகக் கூறிப் போராடினர்.

இவர்களைக் காலநிலையின் பகைவர் எனச் சிலர் ஏசுவது அறியாமை. நுரைச்சோலைக் கமக்காரரின் நியாயம் எதுவோ அதுவே மன்னார் மீனவரின் நியாயமும்: அவர்களைக் கேளாமலே அவர்களுடைய நிலம் தெரிவுசெய்யப்பட்டது. நிலக்கரிக்குக் கையாளப்பட்ட அதே முறை காற்றுக்கும் கையாளப்படுமாயின் அதே எதிர்ப்பு எழுதல் இயல்பே. வேறுபாடு யாதெனில், முன்னையதில் எதிர்ப்பின் வெற்றி வளிமண்டலத்துக்கு நன்மையாக முடிந்தது. பின்னையதில் ஒவ்வொரு தாமதமும் நுரைச்சோலையின் ஆயுளை நீட்டுகின்றது. கிளர்ச்சியை அளவிடுவதற்கு அதன் உரத்த குரல் அளவுகோல் ஆகாது என்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

கிளர்ச்சியின்றியே நிகழ்ந்த மாற்றங்களும் உள. 2010 இன் வெள்ளத்தின் பின்னர் கொழும்பின் கால்வாய்களையும் சதுப்பு நிலங்களையும் பேணும் பணி உலக வங்கிக் கடனுதவியுடன் 2012 இல் தொடங்கியது. அதற்கு முந்திய தசாப்தங்களில் சதுப்பு என்றாலே நிரப்பப்பட வேண்டிய வெறுநிலம் எனக் கருதிய நகரம், 2018 இல் உலகின் முதல் ஈரநில நகரங்களுள் ஒன்றாக றம்சார் அமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெள்ளவத்தைக் கால்வாயின் முகத்தில் நீர் தேங்காதிருப்பதில் எமக்கிருக்கும் நலனை எண்ணினால், எந்த ஊர்வலமும் கோராத இப்பணியின் பெறுமதி விளங்கும். இருப்பினும் குடியிருப்புகளை அகற்றும்போது அங்கு வாழ்ந்த ஏழை மக்களின் கருத்து எவ்வளவு கேட்கப்பட்டது என்பது வேறோர் ஆய்வுக்குரியது.

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது மின்சார சபை ஒரு விசித்திரமான வேண்டுகோளை விடுத்தது. கூரைகளிற் சூரியத் தகடு பொருத்தியோர் பகல் வேளையில் அவற்றை நிறுத்திவைக்க வேண்டும் என்பதே அது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடந்தமையாற் தேவை குறைந்து, உற்பத்தி மிகுந்து, மின்வலையமைப்பின் சமநிலை குலையும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2016 செப்ரெம்பரிலே அரசாங்கம் தொடக்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தின் வழியே பல்லாயிரம் வீட்டார் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பொருத்திய தகடுகள் வெயிலிலே வாளாவிருக்க நேர்ந்தது. இரவிலே மீண்டும் நிலக்கரியும் எண்ணெயும் எரிந்தன. பகலின் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களுக்கு எவ்வளவு முதலீடு, எந்த ஆண்டில், எவ்விலைக் கட்டணத்தில் என்பன 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தின் கீழ் மின்சார சபை பிரிக்கப்பட்டு அமையும் புதிய நிறுவனங்களின் திட்ட ஆவணங்களில் எழுதப்படும். அவ்வாவணங்கள்மீது பொதுமக்கள் தம் கருத்தை எழுத்தில் அனுப்புவதற்குரிய வழி ஆணைக்குழுவின் விசாரணைகளிலே முன்னரே இருந்தது. கட்டண உயர்வு பற்றியதாயின் மண்டபம் நிறைந்தது. இருபதாண்டுத் திட்டம் பற்றியதாயின் பெரும்பாலும் பொறியியலாளரும் முதலீட்டாளரும் சில சுற்றாடல் அமைப்பினருமே வந்தமர்ந்தனர்.